கொசு பிறக்கும் தண்ணீர்

முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்ற நான்கு பருவங்களில் முதல் மூன்றும் தண்ணீரோடு கட்டுண்டவை. தமிழ்நாட்டு வெயிலில் முட்டை பொரிந்து கொசு இறக்கை விரிக்க ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாள் ஆகும். அந்த நாள்களில் புழு தான் பிறந்த பாத்திரத்தையோ குட்டையையோ விட்டு எங்கும் போக முடியாது. பறக்கத் தொடங்கிவிட்டால் அதைப் பிடிப்பது பெரும்பாடு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு கட்டிலுக்கு அடியிலும் அலமாரி இடுக்கிலும் கொடியில் தொங்கும் சட்டை மடிப்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். தெருவில் அடிக்கும் புகை மருந்து அந்த மறைவிடங்களை எட்டாமலே கலைந்துவிடும். அப்போது பறந்துகொண்டிருந்த கொசு சாகும்; மறுநாள் காலையில் மூடாத தொட்டியிலிருந்து புதிய கொசு கிளம்பும். புகை கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் மக்கள் அதையே கேட்கிறார்கள், உள்ளாட்சிகளும் அதையே செய்துகாட்டுகின்றன. கொசு ஓரிடத்தில் சிக்கிக் கிடக்கும் நாள்களைக் குறிவைப்பதோ யார் கண்ணிலும் படாத வேலை. புழுப் பருவக் கட்டுப்பாடு என்பது அதுதான்.

மூடாமல் விட்ட பிளாஸ்டிக் டிரம்மில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஏடிஸ் புழுக்கள் தலைகீழாகத் தொங்குவது தெரியும். வால்முனையிலுள்ள சிறு குழாயை நீர்மட்டத்தில் நீட்டி அவை மூச்சு விடுகின்றன. நிழல் விழுந்தாலோ தொட்டியைத் தட்டினாலோ உடலை வளைத்து வளைத்து அடியை நோக்கி இறங்கும்; சிறிது நேரத்தில் மூச்சு வாங்க மேலே வந்துதான் ஆக வேண்டும். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது. அது நீர்மட்டத்துக்கு இணையாகக் கிடக்கும். இரண்டும் வாயருகே உள்ள தூரிகை போன்ற மயிர்களால் பாக்டீரியா, பாசித் துணுக்குகளை வாரி உண்டு, நான்கு புழு நிலைகளைக் கடந்து, கால்புள்ளி வடிவக் கூட்டுப்புழுவாகின்றன. கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை. வயிற்றுக்குள் போய் வேலை செய்யும் எந்த மருந்தும் அதைத் தொடாததற்குக் காரணம் இதுவே. நீர்ப்பரப்பில் பரவி மூச்சை அடைக்கும் எண்ணெய் மட்டும் அதையும் கொல்லும்.

எல்லாக் கொசுவும் எல்லாத் தண்ணீரிலும் முட்டையிடுவதில்லை. ஏடிஸ் எஜிப்தி வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீரைத் தேடும்: சிமெண்ட் தொட்டி, டிரம், அண்டா, பயன்படுத்தாத உரல், டயர், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்புறத் தட்டு. நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சிக்குக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் பிடிக்கும். கிராமத்து அனாபிலிஸ் கியூலிசிபேசிஸ் வாய்க்கால் கசிவிலும் மண் எடுத்த குழியிலும் பெருகும். யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸுக்குச் சாக்கடையும் செப்டிக் டேங்கும். மூளைக் காய்ச்சல் பரப்பும் அதன் உறவுக் கொசுக்களுக்கு நெல்வயல். ஒரே ஊரில் சாக்கடையில் மருந்து தெளித்தும் டெங்கு குறையவில்லை என்று புகார் எழுவது இந்தப் பிரிவினையை மறப்பதால்தான். சாக்கடையில் தெளிப்பது இரவில் கடிக்கும் கியூலெக்ஸைக் குறைக்கும். பகலில் கடிக்கும் ஏடிஸ் அங்கே இல்லை.

பட்டுக்கோட்டை தந்த பாடம்

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில், நோயைக் கொசு பரப்புகிறது என்ற அறிவு ஒரு நகரத்தைக் காப்பாற்றியது. கியூபாவின் ஹவானாவில் 1901 தொடக்கத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் கோர்காஸ் மஞ்சள் காய்ச்சலுக்கு எதிராக வீடு வீடாக ஆள் அனுப்பினார். நீர்த்தொட்டிகள் மூடப்பட்டன, தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டது, புழு இருந்த வீட்டுக்காரருக்கு அபராதம் விழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பருக்குள் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் நின்றது. பின்னர் பனாமா கால்வாய் வெட்ட முடிந்ததும் இதே முறையால்தான்.

அதே 1901இல் மலாயாவின் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களுக்கு வடிகால் வெட்டி அங்கும் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாவைக் குறைத்தார். பின்னர் மலை ரப்பர் தோட்டங்களில் காட்டை அழித்து ஓடைகளைத் திறந்துவிட்டபோது காய்ச்சல் குறையாமல் கூடியது. சமவெளியின் கொசு நிழலான சதுப்பில் வளர்ந்தது. மலையின் கொசுவுக்கோ வெயில் படும் தெளிந்த ஓடைதான் தேவை. ஓடைகளைக் குழாய் வைத்து நிலத்தடிக்குள் கொண்டுபோன பிறகே, எண்ணெயும் தெளித்த பிறகே, அங்கே காய்ச்சல் அடங்கியது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டு காய்ச்சலில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய கூலித் தொழிலாளர்கள். எந்த இனக் கொசு என்று அறியாமல் தண்ணீரில் கைவைக்கக் கூடாது என்ற விதியின் விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

தஞ்சாவூர்ச் சீமையில் அதே தவறு வேறு வடிவில் நடந்தது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, புதிய கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரி நீர் பட்டுக்கோட்டை வட்டத்துக்குப் போனது. வானம் பார்த்த பூமிக்கு நெல் வந்தது. கூடவே மலேரியாவும் வந்தது. கால்வாய்க்கரை கட்ட மண் வெட்டிய குழிகளில் நீர் தேங்கியது, கரைகளின் கசிவு வடியவில்லை. வெயில் படும் அந்தச் சுத்தமான நீர் அனாபிலிஸ் கியூலிசிபேசிசுக்குத் தொட்டில் ஆனது. 1930களின் பிற்பகுதியில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல், பொறியாளர் நைப், ராமநாத ராவ் ஆகியோர் அங்கு தங்கி ஆராய்ந்தார்கள். நாற்று வளர்ந்து அடர்ந்த வயலில் இந்தக் கொசு முட்டையிடுவதில்லை என்பதும், நடவு முடிந்த முதல் வாரங்களில் வெயில் படும் வயல்நீரே ஆபத்து என்பதும் ஆய்வில் தெரிந்தன. வயலுக்கு ஓயாமல் நீர் பாய்ச்சாமல் இடையிடையே காயவிட்டால் புழு முழு வளர்ச்சி பெறுமுன் செத்துவிடும், நெல்லும் கெடாது என்று 1942இல் அவர்கள் எழுதினார்கள். இன்று நீர்ச் சிக்கனத்துக்காகப் பரிந்துரைக்கப்படும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்கு அவ்வளவு பழைய மருத்துவக் காரணம் ஒன்று உண்டு. ஆனால் அது பரவலாக நடைமுறைக்கு வருமுன் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி வந்துவிட்டது.

டி.டி.டி. வந்ததும் புழுவைத் தேடும் வேலை பின்னுக்குப் போனது. இதை வெறும் அலட்சியம் என்று தள்ள முடியாது. பின்னால் உறுதியான கணக்கு இருந்தது. கொசு ஒரு நோயாளியைக் கடித்த பிறகு ஒட்டுண்ணி அதன் உடலில் முதிர ஏறக்குறைய பத்து நாளுக்கு மேல் ஆகும். அதுவரை உயிரோடிருக்கும் கொசுதான் நோயைக் கொடுக்கும். புழுக்களில் பாதியைக் கொன்றால் கடிக்கும் கொசு பாதியாகும். சுவரில் மருந்தடித்துக் கொசுவின் ஆயுளைக் குறைத்தால் அந்த வயதை எட்டும் கொசு மிகச் சொற்பமாகிவிடும். 1950களில் மலேரியா ஆய்வாளர் ஜார்ஜ் மெக்டொனால்டு இதைக் கணிதமாக எழுதிக் காட்டினார். இந்தியாவில் 1953இல் தொடங்கிய தேசியத் திட்டத்தால் 1965வாக்கில் மலேரியா ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்கு இறங்கியது. பிறகு கொசு மருந்துக்குப் பழகியது, கண்காணிப்பு தளர்ந்தது. 1976இல் 64 லட்சம் பேர். நகரங்களிலோ சுவருக்கு மருந்தடிக்கும் முறை தொடக்கத்திலேயே செல்லுபடியாகவில்லை. 1971இல் வந்த நகர மலேரியாத் திட்டம் மீண்டும் கிணற்றையும் தொட்டியையும் நோக்கித் திரும்பியது.

மருந்து, மீன், உருண்டை

தண்ணீரே தேங்காமல் செய்வது முதல் வழி. முடியாத இடத்தில் மூடுவது. மூடவும் முடியாதபோதுதான் மருந்து. இந்த வரிசை தலைகீழாக நடப்பதே பெரும்பாலான ஊர்களின் சிக்கல்.

வீட்டுத் தொட்டிகளில் ஊராட்சிப் பணியாளர்கள் ஊற்றும் அபேட், டெமிபாஸ் என்ற மருந்து. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேற்படாமல் கலக்க உலகச் சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது. ஒரு சதவீத மணல் குருணையாக இருந்தால் பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிராம். அளவு சரியாக இருந்தாலும் வாசனை பிடிக்காமல் பலர் பணியாளர் தெருவைக் கடந்ததும் நீரைக் கொட்டிவிடுகிறார்கள். அப்படிக் கொட்டும்போது தொட்டியைத் தேய்த்துக் கழுவாவிட்டால் பயனில்லை. ஏடிஸ் தன் முட்டைகளை நீரில் மிதக்கவிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டிவிடுகிறது. கரும்புள்ளிகளாக ஒட்டிய அந்த முட்டைகள் காய்ந்தே பல மாதங்கள் உயிரோடிருக்கும். மறுபடி நீர் ஏறியவுடன் பொரிந்துவிடும். வாரம் ஒருமுறை நீரை வடித்து, நார் போட்டுத் தேய்த்து, காயவைத்துப் பிறகு நிரப்பச் சொல்வது இந்த ஒட்டிய முட்டைக்காகத்தான்.

இதைவிட நுட்பமான கருவி ஒரு பாக்டீரியா. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையில், கூட்டமாகச் செத்துக் கிடந்த கொசுப்புழுக்களோடு ஆய்வாளர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பி.டி.ஐ. அது வித்துருவாகும்போது ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. புழு அதை வாரித் தின்றதும், அதன் குடலிலுள்ள கடும் காரத்தன்மையில் படிகம் கரைந்து நஞ்சாகி, குடற்சுவரைத் துளைத்துவிடும். ஒரு நாளுக்குள் புழு சாகும். மனிதர், கால்நடை, மீன் ஆகியவற்றின் உடலில் அந்த நஞ்சு அப்படி வேலை செய்வதில்லை. ஒரு நஞ்சுக்குப் பதில் நான்கு நஞ்சுப் புரதங்கள் சேர்ந்து தாக்குவதால் கொசு இதற்குப் பழகுவதும் அரிது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1975இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், இந்தப் பாக்டீரியாவின் உள்நாட்டு வகை ஒன்றைப் பிரித்தெடுத்து வளர்த்து மருந்தாக்கியது. குறை ஒன்று: சில நாள்களில் படிகம் அடியில் தங்கி வீரியம் இழக்கும், திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். சாக்கடையில் அதிக நாள் நிற்கும் இன்னொரு பாக்டீரியா ஸ்பெரிக்கஸ். ஆனால் ஒரே இணை நஞ்சை நம்பியிருந்ததால் கொச்சியில் கியூலெக்ஸ் அதற்குப் பழகிவிட்டது.

பைரிபிராக்சிபென் என்ற மருந்து புழுவைக் கொல்லாது. கூட்டுப்புழுவிலிருந்து கொசு வெளிவராமல் தடுக்கும். லிட்டருக்கு நூறில் ஒரு பங்கு மில்லிகிராமே போதும். புழு உயிரோடு நெளிவதைப் பார்க்கும் பணியாளருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று தெரியாது என்பதுதான் இதில் சங்கடம்.

மீன் பழைய துணை. அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய கம்பூசியா 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்கு வந்தது. முட்டையிடாமல் குஞ்சு ஈனும், நீர்மட்டத்திலேயே இரை தேடும், நாளொன்றுக்கு நூறு புழுவுக்கு மேல் தின்னும். கிணற்றில் விட்டால் அருமையான ஊழியன். ஏரியிலும் ஓடையிலும் விட்டால் நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தலைப்பிரட்டைகளையும் சேர்த்துத் தின்றுவிடும். மழைக்காலத்தில் நிரம்பி வழியும் நீர்நிலைகளில் இதை விடுவது ஒரு நோயை ஒழிக்கப் போய் வேறொன்றை அழிப்பது. முண்டக்கண்ணி போன்ற நம் ஊர் மீன்களே அந்த இடங்களுக்குப் போதும்.

வியட்நாமில் மீனுக்குப் பதில் மீசோசைக்ளோப்ஸ் என்ற நுண்ணிய நீருயிரியைக் கிணற்றிலும் பெரிய தொட்டியிலும் விட்டு, பல கிராமங்களில் ஏடிஸை அறவே ஒழித்தார்கள். தமிழ் வாசகருக்கு ஒரு நினைவூட்டல்: நரம்புச் சிலந்தி நோய் பரவியதும் இதே குடும்பத்து உயிரிகள் இருந்த குடிநீரால்தான். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் பதிவாகி, 2000இல் நாடு அந்த நோயற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த நோய் இன்னும் இருக்கும் நாடுகளில் இந்த முறையைத் தொடக் கூடாது.

செப்டிக் டேங்குக்கும் உறிஞ்சு குழிக்கும் மிக எளிய வழி ஒன்று திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களில் செய்து பார்க்கப்பட்டது. தெர்மோகோல் செய்யப் பயன்படும் பாலிஸ்டைரீன் உருண்டைகளைக் குழியில் கொட்டினால் அவை மிதந்து நீர்மட்டத்தை முழுதாக மூடிவிடும். புழுவுக்கு மூச்சுவிட இடமில்லை, கொசுவுக்கு முட்டையிட நீரில்லை. உருண்டை மக்குவதில்லை, வெள்ளம் அடித்துப் போகாவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். சான்சிபார் தீவின் மகுண்டுச்சியில் முன்பே பலன் தந்த முறை இது. மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் யானைக்கால் மாத்திரையோடு இதைச் சேர்த்தபோது, மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களைவிட உருண்டையும் போட்ட ஊர்களில் பலன் நிலைத்தது. மாத்திரை நின்ற பிறகும் நோய் திரும்பி ஏறவில்லை. வீடுகளிலோ செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டினாலே பாதி வேலை முடிந்தது.

கேரளத்தின் சேர்த்தலையில் பிரச்சினை வேறு. அங்கே யானைக்கால் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு, மேலே வந்து மூச்சு விடாமல் நீர்ச்செடியின் வேரைத் துளைத்து அதிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்கிறது. எண்ணெயும் மருந்தும் அதை எட்டுவது கடினம். புதுச்சேரி மையத்தினர் 1980களின் இறுதியில் அங்கு குளத்துச் செடிகளை அகற்றி மீன் வளர்க்க ஊரை இணங்கவைத்தார்கள். அகற்றிய செடி தென்னைக்கு உரமானது, மீன் வருமானம் தந்தது. வருமானம் இருந்ததால் குளத்தைச் சுத்தமாக வைக்க யாரும் உத்தரவு போட வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் வராத நாள்கள்

டெங்கு விழிப்புணர்வுப் படங்களில் தேங்காய்ச் சிரட்டையும் டயரும்தான் முன்னே நிற்கும். மழை பெய்யும் மாதங்களில் அவை உண்மையான ஆபத்து. ஆனால் கோடையில் கொசுவை உற்பத்தி செய்பவை பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் பெரிய பாத்திரங்கள்: சிமெண்ட் தொட்டியும் டிரம்மும். ஆய்வாளர்கள் புழுவை எண்ணுவதைவிடக் கூட்டுப்புழுவை எண்ணுவதை விரும்புவது இதனால்தான். எந்தப் பாத்திரம் உண்மையில் கொசுவை வெளியே அனுப்புகிறது என்று அதுவே காட்டும். ஒரு சில வகைப் பாத்திரங்களே பெரும்பகுதிக் கொசுவைத் தருகின்றன.

அந்தப் பாத்திரங்கள் வீட்டில் இருப்பதற்குக் காரணம் குழாயில் தினமும் தண்ணீர் வராததுதான். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் தண்ணீர் வரும் தெருவில், அடுத்த முறை வரும்வரை சேர்த்து வைக்காமல் எந்தக் குடும்பமும் பிழைக்க முடியாது. சேர்த்த நீரை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவு என்று சொல்வது அந்த வீட்டுப் பெண்ணின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது. அபராதம் விதிப்பது அநியாயம். 2012இல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு வந்து 66 பேர் இறந்தார்கள். 2017இல் 23,294 பேருக்கு நோய், 65 இறப்பு. இந்த எண்களுக்குப் பின்னால் குடிநீர் வழங்கலும் நிற்கிறது. மதுரை மையம் சென்னையில் செய்த ஒரு சோதனையில், பாத்திரங்களுக்குப் பொருத்தமான மூடி கொடுத்து, பெண்கள் குழுக்களையும் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டபோது கூட்டுப்புழுக்கள் தெளிவாகக் குறைந்தன. இறுக்கமாக மூடும், எடுக்க எளிதான ஒரு மூடி மருந்தைவிட மலிவு. ஆயினும் அரசுத் திட்டங்களில் மருந்துக்கு இருக்கும் இடம் மூடிக்கு இல்லை.

புழுக் கட்டுப்பாட்டுக்கும் எல்லை உண்டு. 1960களின் நடுவில் சிங்கப்பூரில் ஏறத்தாழ பாதி வீடுகளில் ஏடிஸ் புழு இருந்தது. சட்டமும் வீட்டுச் சோதனையும் அதை 1970களில் நூற்றுக்கு இரண்டு வீடு அளவுக்குக் கொண்டுவந்தன. டெங்கு அடங்கியது, 1990களில் மீண்டும் வந்தது. நோய் வராமலே வளர்ந்த தலைமுறைக்கு எதிர்ப்பாற்றல் இல்லை. கடி வீட்டுக்கு வெளியே, வேலையிடத்திலும் பள்ளியிலும் விழுந்தது. எதிர்ப்பாற்றல் இல்லாத ஊரில் மிகச் சில கொசுக்களே போதும். இறங்கிய எண்ணிக்கையை அப்படியே நிறுத்தி வைக்க ஒவ்வொரு வாரமும் உழைத்தாக வேண்டும் என்பதை சிங்கப்பூர் தன் அனுபவத்தில் கண்டது.

நெல்வயலில் இந்த உழைப்புக்குத் தோதான கால அட்டவணையே இல்லை. 1955இல் வேலூரில் இந்தியாவில் முதன்முறையாக அடையாளம் காணப்பட்ட ஜப்பானிய மூளைக் காய்ச்சலின் கொசு அங்கே பரந்த நீரில் வளர்கிறது. வேப்பம் பிண்ணாக்கு பூசிய யூரியாவோடு, வயலை இடைவிட்டுக் காயவிடும் முறையைச் சேர்த்து மதுரை மையம் செய்த ஆய்வுகளில் புழு குறைந்தது. எனினும் இந்த நோயைத் தடுத்து நிறுத்தியதில் பெரும்பங்கு தடுப்பூசிக்கே.

இப்போது உலகின் கவலை மீண்டும் ஒரு தென்னாசியக் கொசுவின் பக்கம் திரும்பியிருக்கிறது. சென்னையின் மேல்நிலைத் தொட்டிகளில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் காணப்பட்டது. பிறகு எத்தியோப்பியாவுக்கும் போனது. 2022இல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில் வறண்ட காலத்தில் மலேரியா பரவக் காரணம் இந்தக் கொசுதான். கிராமத்து மழைக் குட்டைகளை நம்பி வாழ்ந்த ஆப்பிரிக்க மலேரியா, நகரத்துத் தொட்டிகளுக்குள் நுழைந்திருக்கிறது. இலங்கையில் கடைசி உள்நாட்டு மலேரியா நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரின் கிணறுகளில் ஸ்டீபன்சி புழுக்கள் அகப்பட்டன. கிணறுகளைப் பட்டியலிட்டு மீன் விடுவதும் மருந்திடுவதும் தொடங்கின. பின்னர் யாழ்ப்பாணத்திலும் அந்தக் கொசு தென்பட்டது. ஸ்டீபன்சியும் ஏடிஸும் பல இடங்களில் ஒரே தொட்டியில் சேர்ந்து வளர்வதால், மலேரியாவுக்கும் டெங்குவுக்கும் தனித்தனிப் பணியாளர்களை அனுப்பாமல் ஒரே ஆள், ஒரே டார்ச்சோடு இரண்டையும் தேடும் ஏற்பாட்டை எத்தியோப்பியாவுக்கு வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள்.